நேர்மறை எண்ணம்: தனி மதமா, சாமி வீட்டுக்குள் ஒரு பயிற்சியா, வெறும் மனப்பழக்கமா?

கொஞ்ச நாளாகவே என்னிடம் வரும் கேள்விகளில் பாதி ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

கோட்டையூரிலிருந்து ஓர் ஆச்சி கேட்கிறார்: சென்னையில் வேலை பார்க்கும் மகள் இந்த வருஷம் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க, அதாவது நோன்புத் திரியைச் சுடரோடு வாங்கி வாயில் போட்டுக்கொள்ள, வரவில்லை. "ஆத்தா, நான் யுனிவர்ஸைத்தான் நம்புறேன். நல்லதையே நினைச்சா நல்லதே வரும். எனக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டாள். அவள் மதம் மாறிவிட்டாள் என்று எடுத்துக்கொள்வதா? தேவகோட்டையில் ஓர் ஐயா மாதாமாதம் பணம் கட்டி ஒரு ஆன்லைன் வகுப்பில் சேர்ந்திருக்கிறார். விடிகாலையில் எழுந்து "பணம் என்னைத் தேடி வருகிறது" என்று நோட்டு நிறைய எழுதிவிட்டு, பிறகு குளித்து விபூதி பூசிக்கொண்டு கோயிலுக்கும் போகிறார். இரண்டும் ஒன்றோடொன்று சேருமா என்பது அவர் மகனின் கேள்வி. மூன்றாவது, ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திலிருந்து. ஜெபக்கூட்டத்தில் "வியாதியை வாயால் சொல்லாதே, சுகமானேன் என்று மட்டும் அறிக்கை செய்" என்று போதிக்கிறார்கள். அம்மா சர்க்கரை மாத்திரையைக் கையில் எடுக்கவே தயங்குகிறார்.

மூவரும் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுதான். வீட்டுக்குள் வந்துவிட்ட இந்த நம்பிக்கையை என்னவென்று வைத்துக்கொள்வது? தனி மதமென்று மதித்து ஏற்கலாம். இருக்கிற சமயத்துக்குள் ஒரு பயிற்சியாக வைக்கலாம். சமயத்தோடு சம்பந்தமே இல்லாத மனப்பழக்கம் என்று ஒதுக்கியும் வைக்கலாம். எந்தப் பெயரை வைக்கிறோமோ அதற்கேற்ற கடமையும் செலவும் கூடவே வருகின்றன.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். நேர்மறை எண்ணம் மதமாக முடியும். சில நாடுகளில் முறையான மதமாகவே ஆகியிருக்கிறது. ஆனால் செல்போன் வழியாக நம் வீடுகளுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் அந்த அளவுக்கு வளரவில்லை. வளராத ஒன்றிடம் மதம் செய்யும் வேலையை ஒப்படைத்தால், அதன் பலனை அனுபவிப்பவர் அநேகமாக வீட்டில் படுத்திருக்கும் நோயாளிதான்.

## எதை வைத்து அளப்பது

மதம் என்றால் என்ன என்பதில் அறிஞர்கள் ஒரே விளக்கத்துக்கு வந்ததில்லை. புனிதமானவற்றைப் பற்றிய நம்பிக்கையும் நடைமுறையும் சேர்ந்து மனிதர்களை ஒரே அறச் சமூகமாகக் கட்டினால் அது மதம் என்று 1912இல் எழுதினார் பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம். சமய ஆய்வாளர் நினியன் ஸ்மார்ட் ஏழு பக்கங்களைப் பார்க்கச் சொன்னார்: சடங்கு, புராணக் கதை, அனுபவம், கோட்பாடு, அறநெறி, சமூக அமைப்பு, கோயிலும் சிலையும் போன்ற பொருள் வடிவம். இரண்டிலுமே கடவுள் கட்டாயமில்லை. நம் உச்ச நீதிமன்றமும் 1954ஆம் ஆண்டு ஷிரூர் மடம் வழக்கில், பௌத்தத்தையும் சமணத்தையும் காட்டி, கடவுள் நம்பிக்கை இல்லாமலும் மதம் இருக்கலாம் என்றது. ஆகவே "சாமியே இல்லையே, அப்புறம் எப்படி மதம்?" என்ற பேச்சு எடுபடாது.

ஒரு குடும்பம் முடிவெடுக்க இவ்வளவு கோட்பாடு தேவையில்லை. நான் ஐந்து கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன். சாவும் நோயும் வரும்போது இது என்ன சொல்கிறது? கேதத்துக்கு, அதாவது சாவு வீட்டுத் துக்கத்துக்கு, யார் வருவார்கள்? என் விருப்பத்தைக் கேட்காமல் என்னிடம் எதையாவது எதிர்பார்க்கிறதா? வேண்டியது நடக்காவிட்டால் பழி யார் தலையில் விழுகிறது? பணம் எங்கே போகிறது, கணக்கு யார் பார்க்கிறார்?

இந்தக் கேள்விகளை முதலில் நம் ஊரில் வைத்துப் பார்த்தால்தான் அளவு பிடிபடும். செட்டிநாட்டு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஒருவர் கோயம்புத்தூரில் பிறந்தாலும் கோலாலம்பூரில் பிறந்தாலும் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றைச் சேர்ந்தவர். அது இளையாத்தங்குடியாக இருக்கலாம், மாத்தூராக, வைரவன்பட்டியாக, பிள்ளையார்பட்டியாக இருக்கலாம். கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் கோயிலிலிருந்தும் பெண்ணின் கோயிலிலிருந்தும் மாலை வந்தாக வேண்டும். அதன் பிறகு அந்தத் தம்பதி கோயில் கணக்கில் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பம். புள்ளிக்கு உரிமை உண்டு, வரியும் உண்டு. கொண்டுவிக்க, அதாவது வெளியூரில் தொழில் செய்ய, போன இடங்களிலெல்லாம் வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாக எடுத்து வைத்தார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859இல் எழுந்த தண்டாயுதபாணி கோயில் போன்றவை அப்படி வந்தவை. படைப்பன்று பங்காளிகள் ஒரே வீட்டில் கூடி, முன்னோருக்கு வேட்டியும் சேலையும் வைத்து இலை போடுகிறார்கள். அந்த இலைக்கு முன்னால் நிற்பவர் தனக்கு வேண்டியதைக் கேட்க வந்தவர் மட்டும் இல்லை. இறந்தவர்களுக்குக் கடன்பட்டவராகவும் வந்து நிற்கிறார்.

இழை எடுப்பதையே பாருங்கள். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள், கோடி வேட்டியிலிருந்து நாளுக்கு ஓர் இழை. 21 இழையையும் சேர்த்துத் திரியாக்கி, இனிப்பு மாவில் பிடித்த பிள்ளையாரில் வைத்து ஏற்றுகிறார்கள். வீட்டில் மூத்தவர் எடுத்துக் கொடுக்க, ஒவ்வொருவராக வந்து எரிகிற சுடரோடு வாங்கி வாயில் போட்டுக்கொள்கிறார்கள். பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து ஓர் இழை கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். இன்னும் பிறக்காத, எதையும் நம்பத் தெரியாத ஒரு பிள்ளைக்கு அந்த வரிசையில் இடம் இருக்கிறது. நீ என்ன நம்புகிறாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. நம்பிக்கை தளர்ந்த வருஷத்திலும் உன் இழை உனக்கு உண்டு.

## ஒரே பார்வையில்

| கேள்வி | தனி மதமாக ஏற்றால் | சமயத்துக்குள் பயிற்சியாக | மனப்பழக்கமாக மட்டும் |
|---|---|---|---|
| சாவு, நோய் | பதில் உண்டு. சில நேரம் கடுமையான பதில் | பழைய சமயமே பதில் சொல்லும் | பதில் சொல்ல முன்வராது |
| கேதத்துக்கு வருபவர் | சபை இருந்தால் உண்டு. செல்போன் குழு என்றால் சந்தேகம் | பங்காளி, உறவு, ஊர் | இந்தக் கேள்வியே எழாது |
| கடமை | அமைப்பைப் பொறுத்தது | உண்டு | தன்னோடு தான் செய்த ஒப்பந்தம் |
| நடக்காவிட்டால் பழி | நம்புபவர் மனத்தில் | ஊழ், முயற்சி, அருள் என்று பரவும் | பழக்கம் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான் |
| பணம் | நன்கொடையா கட்டணமா என்று குழம்பும் | மகமை, வரி. கணக்கு பொதுவில் | புத்தகம், ஆலோசனைக் கட்டணம் |

## வழி ஒன்று: தனி மதம் என்று ஏற்பது

இது நேற்றுப் பிறந்த விஷயம் இல்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கடிகாரம் செய்துகொண்டிருந்த பினியாஸ் குயிம்பி (1802–1866), நோய் தவறான நம்பிக்கையிலிருந்து பிறக்கிறது, நம்பிக்கையை மாற்றினால் நோய் போகும் என்று சிகிச்சை செய்யத் தொடங்கினார். அவரிடம் சிகிச்சைக்கு வந்தவர்களில் ஒருவர் மேரி பேக்கர் எடி. அவர் பின்னர் தன் வழியில் பிரிந்து போய் 1879இல் கிறிஸ்தவ அறிவியல் சபையை நிறுவினார். 1889இல் கான்சாஸ் சிட்டியில் சார்ல்ஸ் ஃபில்மோர், மர்ட்டில் ஃபில்மோர் தம்பதி யூனிட்டி இயக்கத்தைத் தொடங்கினார்கள். காசநோயால் அவதிப்பட்ட மர்ட்டில், தான் கடவுளின் குழந்தை, ஆகவே நோயைப் பரம்பரையாகப் பெறவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் குணமானதாக நம்பினார். 1927இல் லாஸ் ஏஞ்சலஸில் எர்னஸ்ட் ஹோம்ஸ் தன் நிறுவனத்தை அமைத்தார். இந்த ஓட்டம் முழுவதற்கும் புதுச் சிந்தனை இயக்கம் என்று பெயர். நினைப்பதே நம்மைத் தேடி வரும் என்று இன்று ரீல்ஸில் பார்க்கிற "ஈர்ப்பு விதி"க்கு இதுதான் பூர்வீகம். 2006இல் வந்த தி சீக்ரெட் என்ற படமும் புத்தகமும் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோயின.

யூனிட்டியில் முறையாகப் பட்டம் பெற்ற போதகர்கள் இருக்கிறார்கள். கல்யாணம் நடத்துகிறார்கள், இறந்தவரை அடக்கம் செய்கிறார்கள். ராத்திரி எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் பிரார்த்திக்க ஆள் உண்டு. என் ஐந்து கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அவர்களிடம் பதில் இருக்கிறது. ஜப்பானில் மசஹாரு தானிகுச்சி 1930இல் தொடங்கிய செய்ச்சோ நோ இயே இதைவிடவும் நமக்கு நெருக்கம். அமெரிக்கப் புதுச் சிந்தனையை அப்படியே எடுத்துக்கொண்டு, அதோடு முன்னோர் வழிபாட்டையும் சேர்த்தார்கள். நல்லதை நினை என்று சொல்லிவிட்டு, இறந்த தாத்தா பாட்டிக்கு நன்றி சொல்லாமல் விடாதே என்றும் சொல்லும் சபை அது. நம் படைப்பு வீட்டில் வளர்ந்த ஒருவருக்கு அந்தச் சேர்க்கை உடனே விளங்கும். எண்ணத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மதம் நீடிக்காது, இறந்தவர்களையும் கூட்டி வர வேண்டும் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

ஆக, "இது மதமே ஆகாது" என்பவர்கள் வரலாற்றைப் பார்க்கவில்லை.

சட்டத்தில் பதில் ஊருக்கு ஊர் மாறுகிறது. நியூ ஜெர்சி அரசுப் பள்ளிகளில் ஆழ்நிலைத் தியானத்தை மதம் கலக்காத பாடம் என்று கற்பித்தார்கள். 1979இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், அது மதம்தான், அரசுப் பள்ளியில் நடத்தக் கூடாது என்றது. நம் நாட்டில் 1982இல் ஆரோவில் வழக்கு. புதுச்சேரி அருகே உள்ள ஆரோவிலின் நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொண்டதை, நாங்கள் மதப் பிரிவு என்று சொல்லி எதிர்த்த வழக்கு அது. ஸ்ரீ அரவிந்தரின் போதனை தத்துவம், மதம் அல்ல என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு; நீதிபதி சின்னப்ப ரெட்டிக்கு அதில் மாறுபட்ட பார்வை இருந்தது. அரவிந்தர் சங்கம் முன்னர் தன்னை மதமல்லாத அமைப்பாகக் காட்டி வரிச்சலுகை கேட்டிருந்ததும் அந்த வழக்கில் அதற்கு எதிராகவே நின்றது. இந்த ஒரு விஷயத்தை நம் ஊர்க் குழுக்கள் கவனிக்க வேண்டும். ஆள் சேர்க்கும்போது "நாங்கள் மதம் இல்லை, எல்லாரும் வரலாம்" என்று சொல்லிவிட்டு, பாதுகாப்பு கேட்கும்போது மட்டும் மதம் என்று சொல்ல முடியாது. தனிப் பிரிவு என்று ஏற்கப்பட பொதுவான நம்பிக்கை, பொதுவான அமைப்பு, தனிப் பெயர் மூன்றும் வேண்டும் என்பது நீதிமன்றத்தின் அளவுகோல். வாட்ஸாப் குழுவில் சேர்ந்து மாதக் கட்டணம் கட்டுவது அந்த அளவுக்கு எட்டாது.

மறைந்திருக்கும் செலவுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

எண்ணம்தான் உலகை ஆக்குகிறது என்பதைப் பயிற்சியாக இல்லாமல் பிரபஞ்ச விதியாகவே ஏற்றால், கெட்டது வந்தவர் அதை நினைத்து வரவழைத்தவர் என்றாகிவிடுகிறது. விதிக்கு விலக்கு கிடையாதே. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்க்கப் போயிருந்தேன். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலையில் முடி இல்லை, துண்டு கட்டியிருந்தார். பார்க்க வந்த உறவுக்காரப் பெண் ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உண்மையான பாசத்தோடுதான், "நீ எப்பப் பாத்தாலும் கவலைப்பட்டுக்கிட்டே இருந்தேல்ல, அதான் ஒடம்பு புடிச்சுக்கிச்சு. இனியாச்சும் நல்லதா நினை" என்றார். அவர் போன பிறகு நோயாளி என்னிடம் கேட்டது: "அப்ப நாந்தேன் வரவச்சுக்கிட்டேனா?" மருந்து தந்த வாந்தியைவிட அந்தக் கேள்வி அவரை அதிகம் வாட்டியது.

அதற்கு ஆதாரமும் கிடையாது. தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த 1,093 பேரைத் தொடர்ந்து பார்த்து 2007இல் வெளியான ஆய்வு ஒன்று, மனநிலை நன்றாக இருந்ததற்கும் உயிர் பிழைத்திருந்ததற்கும் தொடர்பு இல்லை என்று கண்டது. மனம் தெளிவாக இருந்தால் நோயாளியின் நாள் நன்றாகக் கழியும், அது பெரிய விஷயம். ஆனால் கட்டி எண்ணத்துக்குக் கட்டுப்படுவதில்லை.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடனுக்கு ஈடாகக் கீழ்ப் பர்மாவின் நெல்வயலில் ஏறக்குறைய கால்பங்கு செட்டியார் கைக்கு வந்தது. 1942இல் ஜப்பான் படை வந்தது. இந்தியர்கள் லட்சக்கணக்கில் வெளியேறினார்கள், பலர் கால்நடையாகவே. 1948க்குப் பிறகு நிலம் அரசுடைமையானது. போட்ட முதல் திரும்பவில்லை. வீட்டுத் தேக்குத் தூணையும் கதவையும் பெயர்த்து விற்ற குடும்பங்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. அந்த அப்பச்சிகள் (தகப்பன்மார்) எதிர்மறையாக நினைத்துத்தான் பர்மாவை இழந்தார்கள் என்று யாராவது சொல்லத் துணிவார்களா? ஈர்ப்பு விதியை விதியாகவே நம்பினால் அப்படித்தான் சொல்லியாக வேண்டும்.

"முன்வினை என்று நம் சமயமும் அதையே சொல்கிறதே" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முன்வினையைச் சொல்லி நோயாளியையும் கைம்பெண்ணையும் நோகடித்த வீடுகள் உண்டு, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனாலும் வினைக்கு மேலே அருள் உண்டென்று சைவம் சொல்கிறது. வினைப்பயன் என்று சொன்ன அதே வாய், போய்ப் பார்க்க வேண்டும், சோறு கொடுக்க வேண்டும், கேதத்துக்கு உட்கார வேண்டும் என்றும் சொல்கிறது. ஈர்ப்பு விதியில் அந்த இரண்டாம் பாதி இல்லை. "எதிர்மறை ஆட்களிடமிருந்து விலகி இருங்கள்" என்பது அதன் அன்றாடப் போதனை. துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவரைவிட எதிர்மறையாக வேறு யார் இருப்பார்கள்?

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? பிறந்த சமயத்தில் உண்மையாகவே நம்பிக்கை இல்லாமல், முறையான சபையும் நெறியும் உள்ள ஓர் அமைப்பில் முழு மனத்தோடு சேருபவருக்கு. அவர் அதை மதமென்று வெளிப்படையாகச் சொல்வதுதான் நேர்மை. அரசமைப்பின் 25ஆம் பிரிவு அவருக்கு அந்த உரிமையைத் தருகிறது. வீட்டார் அவரை மதிக்க வேண்டும். கூடவே, மற்ற மதங்களிடம் கேட்கிற அதே கேள்விகளை அவருடைய மதத்திடமும் கேட்கலாம்.

## வழி இரண்டு: சாமி வீட்டுக்குள் ஒரு பயிற்சி

நம் பக்கத்தில் பெரும்பாலோர் பெயர் வைக்காமலே செய்துகொண்டிருப்பது இதுதான். தமிழ்நாட்டில் இதற்கு நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. வேதாத்திரி மகரிஷி (1911–2006) நெசவுக் குடும்பத்திலிருந்து வந்தவர். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கி, மனவளக்கலையை எந்தச் சமயத்தாரும் தங்கள் சமயத்திலிருந்தபடியே கற்கலாம் என்று வைத்தார். "வாழ்க வளமுடன்" என்ற வாழ்த்து ஒருவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்வதோடு நிற்பதில்லை. குடும்பத்துக்கும், ஊருக்கும், தனக்குத் தீங்கு செய்தவருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தன் மனைவியின் பிறந்த நாளான ஆகஸ்ட் 30ஐ மனைவி நல வேட்பு நாளாகவும் வைத்தார். நோட்டில் "பணம் என்னைத் தேடி வருகிறது" என்று எழுதுவதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரியது. ஒன்று வாங்கிக்கொள்ளக் கையை நீட்டுகிறது, மற்றது கொடுக்க.

கிறிஸ்தவத்துக்குள்ளும் இப்படி நடந்தது. நேர்மறைச் சிந்தனை என்ற சொல்லை 1952இல் உலகறியச் செய்த நார்மன் வின்சென்ட் பீல், நியூயார்க்கில் மார்பிள் கொலீஜியட் திருச்சபையின் போதகர். அவர் புது மதம் தொடங்கவில்லை. ஆனால் அதே ஊற்றிலிருந்து கிளைத்த செழிப்பு உபதேசத்தில், விசுவாசம் சரியாக இருந்தால் பணமும் சுகமும் வந்தே தீரும் என்றும், வராவிட்டால் விசுவாசம் குறைவு என்றும் போதிக்கப்படுகிறது. யோபுவின் கதை இருக்கும் வேதத்தை வைத்துக்கொண்டு இதைப் போதிப்பது எனக்கு விளங்கவில்லை. குற்றமற்ற யோபுவுக்குத் துன்பம் வந்தது. "நீ ஏதோ தப்பு செய்திருப்பாய்" என்று சொன்ன நண்பர்களைத்தான் அந்தக் கதையில் கடவுள் கண்டிக்கிறார்.

இங்கே யாரோடு பேசினாலும் "எண்ணிய எண்ணியாங்கு எய்துப" என்ற குறளைச் சொல்லி, வள்ளுவரே ஈர்ப்பு விதியைச் சொல்லிவிட்டார் என்கிறார்கள். அந்தக் குறள் (666) இருப்பது வினைத்திட்பம் என்ற அதிகாரத்தில். எடுத்த காரியத்தை விடாமல் முடிக்கும் உறுதி பற்றிய அதிகாரம் அது. எண்ணியவர் உறுதியுடையவராக இருந்தால் எய்துவார் என்பதே முழுக் குறளும். உட்கார்ந்து நினைத்தால் வரும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

செலவு இந்த வழியிலும் உண்டு. முதலாவது, மெல்ல மெல்ல சாமி கடைக்காரராகிவிடுகிறார். பழனிக்குக் காவடி கட்டி நடப்பவர் கால் கொப்புளத்தோடு கூட்டத்தோடு கூட்டமாகப் போகிறார். அந்த நடையையும் "ஆர்டர் போட்டேன், டெலிவரி வரும்" என்ற கணக்கில் பேசத் தொடங்கினால், நேர்த்திக்கடனில் இருந்த கடன் போய் நேர்த்தி மட்டும் மிஞ்சுகிறது. இரண்டாவது, பணம். மகமைக்குக் கணக்கு உண்டு, கோயில் கூட்டத்தில் எழுந்து கேட்க ஆள் உண்டு. பயிற்சியாளருக்குக் கட்டும் பணத்துக்கு ரசீது இருந்தாலே அதிகம். பதிவு பெற்ற அறக்கட்டளை மதத்தையோ ஆன்மிகத்தையோ யோகத்தையோ வளர்க்கச் செய்யும் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. தனியார் ஒருவர் நடத்தும் "செல்வ ஈர்ப்பு" வகுப்பு வியாபாரம். வியாபாரம் என்பதால் தப்பில்லை. அதை நன்கொடை என்று சொல்லி வாங்குவதுதான் தப்பு. "முதல் நிலை முடிந்தது, பலன் வர இரண்டாம் நிலை கட்டணம்" என்று ஏறிக்கொண்டே போனால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

இந்தச் செலவுகளைக் கண்ணில் வைத்துக்கொண்டால், சாமி வீட்டில் விளக்கேற்றி, கோயிலுக்குப் புள்ளி வரி கட்டி, பங்காளி வீட்டுக் கேதத்துக்குப் போய்க்கொண்டே, காலையில் பத்து நிமிஷம் மனத்தைத் தெளிவாக்கிக்கொள்ள நினைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான வழி கிடையாது. நம்மில் பெரும்பாலோர் இந்த ரகம்தான்.

## வழி மூன்று: சமயம் கலக்காத மனப்பழக்கம்

பரீட்சை எழுதும் பிள்ளை, நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர், கடை திறந்து ஆறு மாதமாக வியாபாரம் இல்லாதவர் ஆகியோருக்கு இதுவே போதும். பிரபஞ்சத்தையும் இழுக்க வேண்டாம், பிள்ளையாரையும் இழுக்க வேண்டாம்.

ஆனால் மனப்பழக்கம் என்று எடுத்துக்கொண்டால் மனவியல் சொல்வதைக் கேட்டாக வேண்டும். ஜோன் வுட் என்ற கனடா ஆய்வாளரும் குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்பு ஏற்கெனவே குறைவாக இருந்தவர்கள் "நான் அன்புக்குரியவன்" என்ற வகை வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்கள் மனநிலை இன்னும் மோசமானது. வாய் சொல்வதை உள்ளே ஒன்று மறுத்துக்கொண்டே இருக்கிறது. மனவியலாளர் கேப்ரியல் ஓட்டிங்கன், வெற்றியைக் கற்பனை செய்து மகிழ்வது மட்டும் முயற்சிக்கான வேகத்தைத் தணித்துவிடுகிறது என்று காட்டியவர். வேண்டியதை நினைத்த கையோடு, குறுக்கே என்ன நிற்கிறது, அது வந்தால் என்ன செய்வேன் என்றும் நினைக்க வேண்டும் என்பது அவர் சொல்லும் முறை. பேரேட்டில் வரவையும் பற்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வளர்ந்த நம்மவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

இங்கே மறைந்திருக்கும் செலவு, நல்லது நடக்கும் நாளில் தெரியாது. அப்பா இறந்த மூன்றாம் நாள் இந்தப் பழக்கத்தால் ஒரு பயனும் இல்லை. அப்படி ஒரு பயன் உண்டென்று அது சொல்லவும் இல்லை. மனச்சோர்வு வாரக்கணக்கில் விடாமல் இருந்தால் நோட்டில் எழுதுவது மருந்தாகாது. மனநல மருத்துவரிடம் போக வேண்டும், காரைக்குடியிலும் மதுரையிலும் இருக்கிறார்கள்.

## கேட்டவர்களுக்கு

கோட்டையூர் ஆச்சிக்கு: உங்கள் மகள் மதம் மாறவில்லை. "யுனிவர்ஸ்" என்பதற்குச் சபை கிடையாது, மாலை கொடுத்து அனுப்பும் கோயில் கிடையாது. கூட்டத்திலும் கேள்விகளிலும் சலித்துப்போய் அவள் தனியாக மூச்சு விட ஓர் இடம் தேடுகிறாள் என்றே எனக்குப் படுகிறது. "கல்யாணம் எப்ப?" என்று நோன்பன்று நாலு பேர் கேட்பார்கள் என்ற பயமும் உள்ளே இருக்கலாம். நம்புகிறாயா என்று அவளைச் சோதிக்காதீர்கள். சென்னையிலேயே நகரத்தார் கூடி நோன்பு நடத்துகிறார்கள், அங்கே போய் ஓர் இழை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வரமாட்டேன் என்றால் அடுத்த வருஷமும் கேளுங்கள். அவள் ஒருநாள் உண்மையாகவே வேறு நம்பிக்கைக்குப் போனால், அது அவள் உரிமை. அப்போதும் அவள் உங்கள் மகள்.

தேவகோட்டை ஐயாவின் மகனுக்கு: உங்கள் அப்பச்சி நோட்டில் எழுதுவதும் விபூதி பூசுவதும் முட்டிக்கொள்ளவில்லை. முட்டுவது பணத்தில். ஓராண்டாக எவ்வளவு கட்டினார், என்ன ரசீது, வகுப்பு நடத்துபவர் எந்தப் பெயரில் பதிவு செய்திருக்கிறார் என்று உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். பரிகாசம் செய்தால் மறைத்துக் கட்டுவார். கணக்கில் வளர்ந்தவரிடம் கணக்கைக் காட்டிப் பேசினால் கேட்பார்.

மூன்றாமவருக்கு அவசரம் அதிகம். அம்மாவின் மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. ஜெபிக்கட்டும், மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே ஜெபிக்கட்டும். உங்கள் பங்குத்தந்தையிடமோ ஆயரிடமோ போய், மருந்து எடுப்பது விசுவாசக் குறைவா என்று அம்மா முன்னாலேயே கேளுங்கள். அவர் வாயால் பதில் வந்தால் அம்மாவின் தயக்கம் போகும். அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு நாளைக்கே நேரம் வாங்கிவிடுங்கள், கூடவே நீங்களும் போங்கள்.